கரிசல் மண்ணும் எரிமலை வெள்ளமும்

மதுரை சிம்மக்கல் வைகையின் தென்கரையில் உள்ளது. அங்குள்ள மண் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். தெற்கே சுமார் 20 கி.மீ. சென்று திருமங்கலத்தைத் தாண்டினால் மண்ணின் நிறம் மாறுகிறது. பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் பூமி தொடங்குகிறது. இந்தக் கருப்பு மண் எப்படி உண்டாயிற்று? "எரிமலைக் குழம்பிலிருந்து" என்று உங்களில் பலர் விடை சொல்வீர்கள். மகாராஷ்டிரக் கரிசலுக்கு அது சரியான விடை. மதுரைக் கரிசலுக்கும் அது பொருந்துமா? ஆராய்ந்து பார்ப்போம்.

பாறை வெள்ளம்

எரிமலை என்றதும் கூம்பு வடிவ மலை ஒன்று நினைவுக்கு வரும். தக்காணத்தில் நடந்தது வேறு. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் நீண்ட வெடிப்புகள் தோன்றின. அவற்றின் வழியே பாறைக் குழம்பு பொங்கி, ஏரி உடைத்துக் கொண்டாற்போல நாற்புறமும் பரவியது. ஒரு பாய்ச்சல் இறுகிய பின் அதன்மேல் மற்றொன்று படிந்தது. இப்படி அடுக்கடுக்காக அமைந்த பசால்ட் பாறை இன்றும் சுமார் 5 இலட்சம் ச.கி.மீ. பரப்பை மூடியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாபலேசுவரம் பகுதியில் அதன் கனம் 2 கி.மீ.க்கும் அதிகம். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் இந்தப் பசால்ட்டில்தான் குடையப்பட்டது.

சராசரிக் கனம் 1 கி.மீ. எனக் கொண்டால் மொத்தப் பாறை 5 இலட்சம் கன கி.மீ. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 ச.கி.மீ. இவ்வளவு பாறையையும் தமிழ்நாட்டின்மீது பரப்பினால் ஏறக்குறைய 3.8 கி.மீ. உயரத்துக்கு நிற்கும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவே அதில் மூழ்கிவிடும்!

ஏன் உருகியது? ஏன் ஓடியது?

பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலை உயர்கிறது. பாறையின் உருகுநிலையும் அழுத்தம் கூடினால் உயரும். ஆகையால் பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் பாறை திடமாகவே இருக்கிறது. அந்தச் சூடான பாறை மெல்ல மேலெழுந்தால் அழுத்தம் குறைகிறது. உருகுநிலையும் தாழ்கிறது. புதிதாகச் சூடேற்றாமலே பாறை உருகத் தொடங்குகிறது. அக்காலத்தில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலப்பகுதி, இத்தகைய சூடான ஓரிடத்தின் மேலாகக் கடந்து சென்றது. அந்த இடம் இன்று இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து.

குழம்பில் சிலிக்கா மிகுந்தால் அது ஆறிய வெல்லப்பாகு போல இறுகும். பசால்ட் குழம்பில் சிலிக்கா பாதியளவே உண்டு. வெப்பநிலையோ 1,100 டிகிரி செல்சியசுக்கும் மேல். ஆகவே அது எளிதாக ஓடும். ஆந்திரத்தின் ராஜமுந்திரி அருகே காணப்படும் பசால்ட், மேற்கிலிருந்து பல நூறு கி.மீ. ஓடிவந்தது எனக் கருதப்படுகிறது.

உயிரினங்களைக் கொன்றது எது?

குழம்பு தான் ஓடிய இடத்தை மட்டுமே எரிக்கும். அதனுடன் வந்த வாயுக்கள் உலகம் முழுவதையும் தொடும். ஐஸ்லாந்தின் லாக்கி வெடிப்பு இதற்குச் சான்று. 1783 ஜூனில் தொடங்கி எட்டு மாதங்களில் அது கக்கிய குழம்பு சுமார் 15 கன கி.மீ. கந்தக டை ஆக்சைடு சுமார் 12 கோடி டன். புல் நஞ்சாயிற்று; கால்நடைகளில் பாதிக்கு மேல் மடிந்தன; பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர்.

தக்காணத்தின் தனிப் பாய்ச்சல்கள் சில ஆயிரம் கன கி.மீ.க்கும் பெரியவை. லாக்கியின் விகிதப்படி கணக்கிட்டால், ஆயிரம் கன கி.மீ. குழம்புடன் 800 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வெளிவரும். அது காற்றில் நுண்துளிகளாகி வெயிலைத் தடுக்கும். அமில மழையாகவும் பெய்யும். இந்தக் குளிர்ச்சி சில ஆண்டுகளில் நீங்கும். உடன் வந்த கரியமில வாயுவோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்துப் புவியைச் சூடாக்கும். கடல்நீரையும் அமிலத்தன்மை கொள்ளச் செய்யும்.

25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் இத்தகைய வெள்ளம் ஓடியபோது, கடலுயிர் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன.

அப்படியானால் டைனோசார்களை அழித்தது தக்காண எரிமலையா? இங்கே அவசரப்படக் கூடாது. அதே காலத்தில் மெக்சிகோவின் யூக்கட்டானில் ஒரு விண்கல் மோதி, சுமார் 180 கி.மீ. அகலப் பள்ளத்தை உண்டாக்கியது. அதன் தடயமான இரிடியம் படலத்தைப் பற்றி ஆல்வாரெஸ் குழுவினர் 1980இல் அறிவித்தனர். தக்காணப் பாய்ச்சல்களோ மோதலுக்குச் சில இலட்சம் ஆண்டுகள் முன்பே தொடங்கி, அதற்குப் பின்னும் தொடர்ந்தன. கட்ச் பகுதியிலுள்ள அஞ்சாரில், இரு பாய்ச்சல்களுக்கு இடைப்பட்ட படிவுகளில் டைனோசார் எச்சங்கள் கிடைத்துள்ளன. குழம்பு ஓடத் தொடங்கிய பிறகும் அவை வாழ்ந்தன என்று இதனால் தெரிகிறது. முதன்மைக் காரணம் விண்கல்லே என்பர் பெரும்பாலோர். எரிமலையின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

நம் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிர்கள் ஏராளம். அந்த அழிவுக்குப் பின் அவை உலகில் எங்கும் இல்லை.

மதுரைக் கரிசல்

இனி நம் கேள்விக்கு வருவோம். தக்காணக் குழம்பு மதுரைக்கு வரவேயில்லை. யானைமலையைப் பாருங்கள். அது நைஸ் என்னும் மிகப் பழைய பாறை. பசால்ட்டைவிடப் பல மடங்கு வயது கூடியது. அப்படியிருந்தும் இங்கே கரிசல் உண்டாயிற்று. காரணம் நீர்வடிகால்.

மேட்டு நிலத்தில் மழைநீர் சுண்ணாம்பு, மக்னீசியம் முதலியவற்றைக் கரைத்துச் சென்றுவிடும். மிஞ்சுவது இரும்பு ஆக்சைடு கலந்த செம்மண். நீர் வடியாத தாழ்ந்த சமவெளியில் அவை தங்கிவிடும். அங்கே மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் உருவாகும். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து உப்பச் செய்யும். கோடையில் நீர் வெளியேற, நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். பசால்ட்டிலிருந்தும் இதே களிமண் எளிதாக உண்டாகிறது. தாய்ப்பாறை இரண்டு; விளைந்த மண் ஒன்று!

மழை நின்ற பின்னும் பருத்திக்கு ஈரம் தருவது இந்தக் களிமண்தான். கரிசலில் ஆழமற்ற அடித்தளத்துடன் கட்டிய வீட்டின் சுவர் விரிசல் விடுவதற்கும் இதுவே காரணம்.

செய்து பாருங்கள்

உலர்ந்த கரிசல் மண்ணை இடித்து மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். 100 மி.லி. அளவுசாடிகள் இரண்டில், 10 மி.லி. மண் வீதம் இடுங்கள். ஒன்றில் நீரையும் மற்றதில் மண்ணெண்ணெயையும் 100 மி.லி. குறிவரை ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. இரு மண்படிவுகளின் பருமன் வேறுபாட்டை, மண்ணெண்ணெயில் உள்ள பருமனால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். அதுவே உப்பல் சதவீதம். செம்மண்ணிலும் இதைச் செய்து ஒப்பிடுங்கள். சாடியருகே நெருப்பு வேண்டாம், ஆசிரியர் உடனிருக்கட்டும்.

சிந்தித்து விடை காண்க

1. தக்காணத்தின் 5 இலட்சம் கன கி.மீ. குழம்பு 7 இலட்சம் ஆண்டுகளில் வெளிவந்தது என்று கொள்வோம். ஓராண்டின் சராசரி என்ன? லாக்கியைவிட இது சிறிதாயிருந்தும் ஆபத்து பெரிதானது ஏன்?

2. இன்று மனிதர் ஆண்டுதோறும் 3,500 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியிடுகின்றனர். எல்லா எரிமலைகளும் சேர்ந்து வெளியிடுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தக்காணத்தின் வரலாறு நமக்குத் தரும் எச்சரிக்கை என்ன?