ஆவணியில் கேட்க வேண்டிய கடிதம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அடுத்த ஆண்டு இளநிலைப் படிப்பில் சேர விரும்பும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, ஆவணியும் புரட்டாசியுமே உண்மையான விண்ணப்பக் காலம். இணையப் படிவம் ஆகஸ்டில் திறந்து, முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1 அன்றும் வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்திலும் மூடப்படுவதால் நாள் நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் விண்ணப்பத்தின் கனமான பகுதி மாணவர் எழுதுவதன்று, அவரைப் பற்றிப் பள்ளி எழுதுவது என்பதையும், பள்ளியின் நாட்காட்டி வேறு திசையில் ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொண்டால், இருப்பது ஏழெட்டு வாரங்கள்தான். சென்னையில் எம்.ஐ.டி. என்றால் 1949இல் தொடங்கிய, அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த குரோம்பேட்டைக் கல்லூரியே நினைவுக்கு வரும். குழப்பம் நேராதிருக்க, 1861இல் நிறுவப்பட்ட அமெரிக்க நிறுவனம் இக்குறிப்பில் மாசசூசெட்ஸ் நிறுவனம் என்றே சுட்டப்படுகிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழக்கமான சேர்க்கை முறை பொறியியல் கலந்தாய்வு ஆகும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் எண்ணும் இடஒதுக்கீட்டு விதிகளும் தெரிந்துவிட்டால், எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். மாசசூசெட்ஸ் நிறுவனத்தில் அப்படியோர் எண் கிடையாது. விண்ணப்பிப்போரில் 100க்கு ஐவருக்கும் குறைவானவர்களே அங்கு இடம் பெறுகின்றனர்; ஏறத்தாழ 4,500 இளநிலை மாணவர்களில் பத்தில் ஒரு பங்கினரே வெளிநாட்டினர் என்பதால் இந்திய மாணவருக்கு வாசல் இன்னும் குறுகலானது. உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களே பெரும்பாலும் விண்ணப்பிப்பதால், 600க்கு 590 என்பது விண்ணப்பத்தை ஊன்றி வாசிக்கத் தூண்டுமே தவிர, அதன்மேல் முடிவெடுக்க உதவாது. முடிவுக்கு உதவுவது, அந்த மாணவர் ஒரு சிக்கலின் முன் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்பதற்கான சான்று. அந்தச் சான்றை நேரில் பார்த்தவர்கள் ஆசிரியர்கள்.

ஆகவே முதல் வேலை பரிந்துரைக் கடிதங்கள். பரிந்துரை என்ற சொல்லைக் கேட்டதும் சட்டமன்ற உறுப்பினரின் முத்திரைத் தாள் நினைவுக்கு வருவது நம்மிடையே இயல்பு என்றாலும், இங்கே அச்சொல் சாட்சியம் என்ற பொருளில்தான் ஆளப்படுகிறது. துணைவேந்தரோ, உறவினரான விஞ்ஞானியோ எழுதும் கடிதத்தால் பயனில்லை. பெற்றோர் அங்கு படித்த பழைய மாணவர் என்பதுகூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மாணவருக்கு வகுப்பில் பாடம் நடத்திய இருவர் எழுத வேண்டும்: ஒருவர் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர், மற்றொருவர் மொழி, வரலாறு, சமூக அறிவியல் போன்ற பாடங்களின் ஆசிரியர். மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுத்த மாணவருக்கு இரண்டாமவர் தமிழாசிரியராகவோ ஆங்கில ஆசிரியராகவோதான் இருக்க முடியும். ஆங்கிலம் என்பதற்காகவே ஆங்கில ஆசிரியரை நாடுவது பலர் செய்யும் பிழை. மாணவரை நன்கறிந்தவர் தமிழாசிரியர் என்றால் அவரே தமிழில் எழுதட்டும், பள்ளியிலுள்ள மற்றோர் ஆசிரியர் அதை ஆங்கிலமாக்கித் தரட்டும். மொழிபெயர்ப்பை மாணவரோ அவர் வீட்டாரோ செய்வது மட்டும் கூடாது.

நம் பள்ளிகளிலிருந்து வழக்கமாகச் செல்லும் கடிதம், மாற்றுச் சான்றிதழோடு தரப்படும் நன்னடத்தைச் சான்றின் நீட்சியாகவே இருக்கிறது: மாணவர் ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், கடின உழைப்பாளி, எல்லாத் தேர்விலும் முதலிடம். இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்திவிடும். இதற்கு மாறாக, வேதியியல் செய்முறை வகுப்பில் பெரும்பாலான மாணவர்கள் செய்யும் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை எடுத்துக்கொள்ளலாம். பியூரெட்டிலிருந்து சொட்டும் கரைசலின் ஊதா நிறம் குடுவையில் மறைந்து, முடிவில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்க வேண்டிய இடத்தில், ஒரு மாணவிக்குப் பழுப்புக் கலங்கல் வந்துவிடுகிறது என்று கொள்வோம். பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதிவிட்டு வெளியேறுவது எளிது. அவரோ கலங்கல் ஏன் வந்தது என்று கேட்டு, நீர்த்த கந்தக அமிலத்தின் அளவை வேண்டுமென்றே குறைத்தும் கூட்டியும் மறுபடி செய்து பார்த்து, அமிலம் போதாதபோது மாங்கனீசு டையாக்சைடு உருவாகிறது என்ற முடிவுக்குத் தாமே வந்து, அன்றைய மதிய உணவு வேளையையும் அதிலேயே கழித்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தை ஆறேழு வரிகளில் அப்படியே எழுதும் ஆசிரியரின் கடிதம் எந்த அடைமொழியையும் விட வலுவானது. ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் குறையில்லை.

இத்தகைய கடிதம் தானாக வந்துவிடாது. ஐம்பது அறுபது பேர் கொண்ட வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு ஓராண்டுக்கு முந்தைய ஒரு நண்பகல் நினைவிலிருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மாணவர் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே ஆசிரியரை நேரில் கண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டபின், வகுப்பில் நடந்த நான்கைந்து நிகழ்ச்சிகளை ஒரே பக்கத்தில், தற்புகழ்ச்சி இல்லாமல், நினைவூட்டலாக எழுதித் தர வேண்டும். கடிதத்தை மாணவரே எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் மட்டும் வாங்கும் பழக்கம் நேர்மையற்றது. அதோடு, விண்ணப்பத்தில் மாணவர் எழுதியதன் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாயிருப்பதை ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் படிப்பவர்கள் கண்டுகொள்ளவும் கூடும். கடிதம் அனுப்புவதற்கான இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்குச் செல்லும்; அது பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும் என்பதால், அனுப்பிய அன்றே கேட்டு உறுதிசெய்வது நலம்.

ஆசிரியர் கடிதங்களோடு பள்ளி அறிக்கை என்ற ஒன்றும் செல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் இதைக் கவுன்சிலர், அதாவது மாணவரின் மேற்படிப்புக்கு வழிகாட்டுவதற்கென்றே அமர்த்தப்பட்ட அலுவலர், தயாரிப்பார். நம் பள்ளிகளில் அப்பணி தலைமையாசிரியர் தலையில் விழுகிறது. பாடத்திட்டம் எது, மேல்நிலையில் என்னென்ன பாடப்பிரிவுகள் உள்ளன, மதிப்பெண் எத்தனைக்கு, வகுப்பில் எத்தனை பேர், ஆய்வகம் எப்படிப்பட்டது என்பவற்றை ஒரு பக்கத்தில் சொல்லும் பள்ளி அறிமுகக் குறிப்பை இணைப்பது மிக முக்கியம். பள்ளியில் கணினி அறிவியல் பிரிவே இல்லை என்பது தெரிந்தால்தான், மாணவர் நூலகக் கணினியில் தாமாக நிரல் எழுதக் கற்றதன் பொருள் அங்கே புரியும். வசதி குறைந்த பள்ளி என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் நட்டம் மாணவருக்கே.

அடுத்தது, கையால் செய்தவற்றின் தொகுப்பு. மேக்கர் போர்ட்ஃபோலியோ எனப்படும் இது கட்டாயமன்று. மாணவர் தாமே வடிவமைத்துச் செய்த ஒரு பொருளை, அது எப்படி, ஏன் செய்யப்பட்டது என்ற விளக்கத்தோடு படங்களாகவும் குறுங்காணொளியாகவும் காட்டும் வாய்ப்பு. அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்ற மாதிரிகளை மட்டுமே அனுப்ப வேண்டும் என்பதில்லை. வயலின் ஈரத்தை அளக்க ஆர்டுயினோ பலகையோடு இரு உலோகக் கம்பிகளை மண்ணில் நட்ட மாணவருக்கு, சில வாரங்களில் அளவீடுகள் தாறுமாறாகத் தொடங்கியிருக்கலாம். பிடுங்கிப் பார்த்தால் ஒரு கம்பி மட்டும் அரித்துப்போயிருக்கும், ஏனெனில் ஈரமண்ணில் ஒரே திசையில் இடைவிடாது மின்னோட்டம் பாயும்போது மின்னாற்பகுப்பு நிகழ்ந்து நேர்மின்வாய் கரைகிறது. அளவெடுக்கும் சில நொடிகள் மட்டும் மின்சாரம் செல்லுமாறு நிரலை மாற்றியதும் கோளாறு பெருமளவு குறைந்துவிடும். தொகுப்பில் முதலிடம் பெற வேண்டியது பளபளப்பான இறுதிக் கருவி அன்று, அரித்துப்போன அந்தக் கம்பியின் படம். இத்தகைய பொருள்களை உடைந்தவை என்று குப்பையில் போட்டவர்கள் இனியாவது எடுத்து வைக்க வேண்டும். பணம் கட்டினால் வெளியிடும் ஆய்விதழ்களில் கட்டுரை வாங்கித் தருவதாகவும், காப்புரிமை பெற்றுத் தருவதாகவும் இப்பருவத்தில் வரும் விளம்பரங்களை அடியோடு ஒதுக்கிவிடலாம்.

நீண்ட கட்டுரை ஒன்றை இந்நிறுவனம் கேட்பதில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 முதல் 250 சொற்களுக்குள் விடையளிக்க வேண்டிய சில சிறு வினாக்களைக் கேட்கிறது. பள்ளிக்கு வெளியேயான ஈடுபாடுகளிலும் நான்கே நான்கை மட்டும் குறிக்க இடம் தருகிறது. இருபது சான்றிதழ் வைத்திருப்பவர் பதினாறைக் கைவிட வேண்டியிருக்கும். மகிழ்ச்சிக்காக மட்டும் செய்யும் ஒன்றைப் பற்றிய வினா அடிக்கடி இடம்பெறுகிறது. நம் மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது அதில்தான், பயனில்லாத எதையும் செய்வதாகச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டிருப்பதால். புள்ளிக் கோலம் போடுவது பிடிக்கும் என்றால் அதையே எழுதலாம். அதே கோலத்தின் வடிவ இலக்கணத்தை 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் உழைத்தோரும் கணிதமாகவே ஆராய்ந்தனர். முதல் வரைவைத் தமிழில் எழுதி, சொல்ல வந்தது என்ன என்பது தெளிந்தபின் ஆங்கிலத்துக்குச் செல்வது பலருக்கு உதவும். காலாண்டு விடுமுறை இதற்கு ஏற்ற காலம்.

தேர்வுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் விலக்கப்பட்டிருந்த எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்னும் அமெரிக்கத் தகுதித் தேர்வு 2022இல் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. எந்தத் துறையை எடுத்தாலும் எல்லா மாணவரும் இரண்டு பருவக் கால்குலஸும் இரண்டு பருவ இயற்பியலும் படித்தாக வேண்டிய இடம் என்பதால், கணிதத்தில் தயார்நிலையை அறிய அது தேவை என்பது நிறுவனம் சொன்ன காரணம். சேர்ந்தவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் எஸ்.ஏ.டி. கணிதத்தில் 800க்கு 780ஐ எட்டியவர்கள். அக்டோபர் தேர்வுக்கு இப்போதே பதிய வேண்டும். கணிதத்தை விட வாசிப்புப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். தேர்வறையில் அடையாளத்துக்குக் காட்டக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதற்கும் உடனே விண்ணப்பிக்கலாம்.

பணம் இல்லை என்பதற்காக எவரும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவுசெய்து, பின்னர் குடும்பத்தின் தேவை முழுவதையும் உதவித்தொகையாக ஈடுகட்டும் கொள்கையை வெளிநாட்டினருக்கும் பின்பற்றும் சில அமெரிக்க நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை என்று இங்கே எதுவும் இல்லை, தேவைக்குத்தான் உதவி. விண்ணப்பக் கட்டணமான 75 டாலரைக் கட்ட இயலாதோர் விலக்குக் கோரலாம். உதவிக்குத் தனிப் படிவமும் தனிக் கெடுவும் உண்டு என்பதால், வருமான வரிக் கணக்கு, அது இல்லாத குடும்பங்களில் இ-சேவை மையம் வழியே பெறும் வட்டாட்சியரின் வருமானச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தீபாவளிக்கு முன் சேர்த்து வைப்பது நல்லது.

எந்தச் சுற்று என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நவம்பர் சுற்றில் இடம் கிடைத்தாலும் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. கடிதங்களும் தேர்வு மதிப்பெண்ணும் கையிலிருப்போர் அதில் நுழையலாம், மற்றவர்கள் ஜனவரிக்குக் காத்திருப்பதால் இழப்பொன்றுமில்லை. ஆனால் ஜனவரிக் கெடு அரையாண்டு விடுமுறையை ஒட்டி வருவதால், அப்போது பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் ஊரில் இருக்கமாட்டார். பள்ளியிலிருந்து செல்ல வேண்டிய அனைத்தும் டிசம்பர் முதல் வாரத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வை ஒத்திகை என்று அலட்சியமாக எழுதவும் கூடாது. பிப்ரவரியில் நிரப்ப வேண்டிய இடைக்காலப் படிவத்தில் அம்மதிப்பெண்களைக் காட்ட வேண்டியிருக்கும். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐசர் நிறுவனங்கள் ஆகியவற்றின் சேர்க்கை அறிவிப்புகளையும் இணையாகக் கவனித்து வர வேண்டும். அடிப்படை அறிவியலில் ஆழ்ந்து படிக்க விரும்புவோருக்கு அவை இரண்டாந்தரத் தேர்வுகள் அல்ல.

வழக்கமான சுற்றின் முடிவுகளைப் பை எண்ணின் நாளான மார்ச் 14 அன்று, பெரும்பாலும் அங்கே மாலை 6.28 மணிக்கு வெளியிடுவது அந்நிறுவனத்தின் வழக்கம். தமிழ்நாட்டில் அது மறுநாள் அதிகாலை 3.58, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும் வாரங்கள் அவை என்பதால், விடிந்தபின் பார்த்தாலும் முடிவு மாறப்போவதில்லை.