வழக்காடு, வாழவும் செய்

திருச்சிராப்பள்ளி

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். கூடவே தன் கவலையையும் சொன்னார். ஆஸ்பத்திரி, பிணவறை, போலீஸ் ஸ்டேஷன் என்று அலைகிற வேலை இந்தப் பெண்ணுக்கு எதற்கு என்கிறார். இந்த வேலைக்கு நல்ல பெண்கள் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை உனக்கு எழுதுகிறேன்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான். 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். இதில் பெரும்பாலான குடும்பங்கள் அதற்கு முன் கோர்ட் வாசலை மிதித்திருக்காது. சம்பாதித்தவர் போன பிறகு, அல்லது படுக்கையில் விழுந்த பிறகு, அந்த வீட்டுக்கு மிஞ்சுவது உன்னைப் போன்ற ஒருவர் தாக்கல் செய்யும் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு மனு மட்டும்தான். அந்த மனு ஒரே கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். இவர்கள் என்ன இழந்தார்கள்? அந்த விடையைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் நம் தொழில். மற்ற திறமையெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கணக்கில்தான் குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. 32 வயது கொத்தனார் ஒருவர் இறந்துவிட்டார் என்று வை. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று நிரூபித்தால், 2017-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேரும், 21,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிந்தால் 15,750. அதை 12-ஆல் பெருக்கி, 2009 சர்லா வர்மா தீர்ப்பு அந்த வயதுக்குச் சொன்ன 16-ஆல் பெருக்கினால் 30,24,000 ரூபாய். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பாயம் 10,000 மட்டும் எடுத்துக்கொண்டால் இதே கணக்கு 20,16,000-இல் நின்றுவிடும். மாதம் 5,000 ரூபாயை நீ நிரூபிக்காமல் விட்டதால் அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் போய்விடுகிறது.

அதனால் அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதாதே. வீட்டுக்குப் போ. மேஸ்திரியின் சம்பள நோட்டு, கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, மகளிர் குழுவில் கட்டிய கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, போனில் வந்து போன பணத்தின் பட்டியல் எல்லாம் ஆதாரம்தான். கடைசி ஆறு மாதம் வேலை பார்த்த இடத்துக்குப் போய் உடன் வேலை செய்தவரைப் பார். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்று. எந்தத் தாளும் கிடைக்காத இடத்தில் 2014-இல் வந்த சையத் சாதிக் தீர்ப்பைக் காட்டு. கால் இழந்த காய்கறி வியாபாரியிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்கு அது.

உயிர் பிழைத்தவர்களின் வழக்கு இன்னும் கவனம் கேட்கும். மருத்துவக் குழு 60 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தால், வருமான இழப்பும் 60 சதவீதம் என்று எழுதிவிடாதே. 2010 ராஜ்குமார் தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இடது கை போன தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே ஏறக்குறைய முழுதும் போயிற்று. அதே கை போன அரசு அலுவலகக் குமாஸ்தாவின் வேலை நீடிக்கலாம். காயம் ஒன்றுதான், இழப்பு வேறு. அந்த ஆள் காலையில் எழுந்து என்ன செய்தார், எந்தக் கையால் செய்தார், இப்போது எது முடியவில்லை என்பதை நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் இறந்த வழக்கில் "வேலை: இல்லை" என்று எந்தத் தாளிலும் எழுத விடாதே. 2001 லதா வாத்வா வழக்கிலிருந்து 2021 கீர்த்தி வழக்கு வரை உச்ச நீதிமன்றம் வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. தண்ணீர் பிடித்தது, மாட்டைப் பார்த்தது, மாமியாருக்கு மருந்து கொடுத்தது, ரேஷன் கடை வரிசையில் நின்றது எல்லாவற்றையும் கணவரின் சாட்சியத்திலேயே கொண்டுவா. அவள் செய்ததை அவர் வாயால் சொல்லும்போதுதான் அந்த வீட்டுக்கே அது முதல்முறையாகத் தெரியவரும். பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

நாள்களைக் கவனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த விதி உச்ச நீதிமன்றம் வரை கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. விதி மாறும் என்ற நம்பிக்கையில் உன் கட்சிக்காரரின் வழக்கைத் தள்ளிப் போடாதே. எஃப்.ஐ.ஆர்., விபத்துப் பதிவேட்டு நகல், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே சேர்க்கத் தொடங்கு.

இனி கட்டணம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 20-ஆம் விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது. 36-ஆம் விதி, தரகர் வைத்து வழக்கு பிடிக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் வக்கீல் தொகையில் பங்கு பெறுவது சட்டம் அனுமதித்த முறை. இங்கே அது ஒழுக்கக்கேடு. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு வாசலில் வக்காலத்துத் தாளோடு நிற்கும் ஆட்களை நீ பார்ப்பாய். "இத்தனை பெர்சென்ட்" என்று சாதாரணமாகப் பேசுவதையும் கேட்பாய். எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. உழைப்புக்கான கட்டணத்தை முதலிலேயே சொல், ரசீது கொடு, ஏழையாக இருந்தால் குறைத்துக்கொள். இழந்த காலுக்கு வந்த பணத்தில் நமக்குப் பங்கு கிடையாது.

தீர்ப்பு வந்த அன்று வழக்கு முடிந்ததாக நினைக்காதே. அரசுப் போக்குவரத்துக் கழகம் தொகையைக் கட்டாமல் இருந்து, கோர்ட் உத்தரவில் பஸ் ஜப்தியாகும் செய்தியை நீ சின்ன வயதிலிருந்தே பேப்பரில் பார்த்திருப்பாய். நிறைவேற்று மனு வரைக்கும் போராட வேண்டியிருக்கும். பணம் வந்த பிறகும் வேலை உண்டு. படிக்காதவர்கள், விதவைகள், சிறு பிள்ளைகள் ஆகியோரின் தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாகப் பாதுகாக்கும் நெறிகளை 1993 சூசம்மா தாமஸ் தீர்ப்பு வகுத்தது. அந்த வைப்பு எதற்கு, வட்டி எப்போது வரும், எந்த உறவினர் கேட்டாலும் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைக் கணவரை இழந்த பெண்ணுக்கு உட்கார்ந்து விளக்கு. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை அவளிடம் நீ எந்நாளும் வாங்காதே. லோக் அதாலத்தில் சமரசம் பேசினால், அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை முன்னமே சொல். தொகையைப் புரிந்துகொண்டு அவள் தலையசைக்க வேண்டும். நீ சோர்ந்துபோனதற்காக அவள் சம்மதிக்கக் கூடாது.

காப்பீட்டு நிறுவன வக்கீலை எதிரியாக நினைக்காதே. பொய் வழக்குகள் வருவது உண்மை. உத்தரப் பிரதேசத்தில் அவற்றை விசாரிக்கத் தனிப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. வண்டி எண்ணை மாற்றச் சொல்லி, ஓட்டியவரை மாற்றச் சொல்லி உன்னிடமும் வருவார்கள். இரக்கம் வரும் வழக்காகவே இருந்தாலும் முடியாது என்று சொல். ஒரு பொய் வழக்கு அம்பலமானால், அதற்குப் பின்னால் வரும் உண்மையான பத்துக் குடும்பங்களை நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

இப்போது உன் அப்பா பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலை மனசைத் தின்னும். உடல்களின் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும், பிள்ளையை இழந்த தாயிடம் தேதியும் நேரமும் கேட்க வேண்டும். சிலர் இதற்காக மனசை மரத்துப்போக விடுகிறார்கள். சிலர் இருபத்து நாலு மணி நேரமும் வழக்கிலேயே கிடக்கிறார்கள். இரண்டும் கட்சிக்காரருக்குத்தான் கெடுதல். ஏன் என்று சொல்கிறேன்.

காய வழக்குகளில் ஒரு தலைப்பு உண்டு. வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்ட பிறகு, வாழ்வின் சுகங்களை இழந்ததற்காகக் கேட்பது. பெரும்பாலான மனுக்களில் அதற்கு ஒற்றை வரிதான் இருக்கும், தொகையும் அதற்கேற்பச் சிறுத்துவிடும். சாயங்காலம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது, திருவிழாவில் தேர் வடம் பிடிப்பது, ஆற்றில் இறங்கிக் குளிப்பது, நண்பர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவது ஆகியவற்றைத் தான் அனுபவிக்காத வக்கீலுக்கு, அவற்றை ஒருவர் இழந்தார் என்று கேட்கவே தோன்றாது. சாட்சியிடம் அந்தக் கேள்வி வராது. கேட்காத இழப்புக்கு எந்த நீதிபதியும் பணம் கொடுக்க மாட்டார். ஆகவே உன் சொந்த வாழ்க்கையை நன்றாக வாழ்வது இந்தத் தொழிலுக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்று. அதைச் சுயநலம் என்று எண்ணாதே.

கேஸ் கட்டுகளைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுபோகாதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு. மே மாத விடுமுறையில் ஊருக்குப் போ. நாளைக்குக் கல்யாணமானால் வீட்டு வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள், வழக்கைக் காரணம் காட்டி நீயும் தப்பிக்காதே, அவரையும் தப்பிக்க விடாதே. பாட்டோ கோலமோ தோட்டமோ, சம்பளம் வராத ஒரு வேலை கையில் இருக்கட்டும். மனசு தாங்காத நாளில் சீனியரிடமோ என்னிடமோ சொல். அழுகை வந்தால் அழு, வெட்கப்பட ஒன்றுமில்லை. சாலையில் உன் உயிரையும் பார்த்துக்கொள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் ஹெல்மெட் போடு, பின்னால் உட்காருபவருக்கும் கொடு. அடிபட்டுக் கிடப்பவரை வழியில் கண்டால் நின்று உதவு. உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. அதை அக்கம்பக்கத்தாருக்கும் சொல்.

கணவரை இழந்தவரிடம் துணை இழப்புக்கு இத்தனை என்று சொல்ல வேண்டிய நாள் வரும். பிரணய் சேத்தி தீர்ப்பு அதை 40,000 ரூபாய் என்று நிர்ணயித்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. அப்போது, "இது அவருடைய விலை இல்லை அம்மா, சட்டத்தால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்" என்று நேராகச் சொல். உண்மையை அன்பாகச் சொல்லும் வக்கீலை அந்தக் குடும்பம் கடைசிவரை நம்பும்.

மருமகளே, பெயர் வரும், பணமும் ஓரளவு வரும். அவற்றைத் துரத்தாதே. உன்னிடம் வருகிறவர்கள் இழந்ததை முழுதாகத் தெரிந்துகொள், முழுதாகக் கேள், வாங்கியதை முழுதாக அவர்கள் கையில் சேர்த்துவிடு. அதைச் செய்வதற்கு நீ உயிர்ப்போடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பாற்று. உன் அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை