எழுத்துக் குறியும் விலைக் கணக்கும்

க, உ, ங, ச என்னும் எழுத்துகளையே நம் முன்னோர் 1, 2, 3, 4 என வழங்கினர். கடைக்காரர் சிலர் கொள்முதல் விலையைப் பிறர் அறியாவண்ணம் எழுத்துக் குறியால் எழுதுவதும் இதனை ஒத்ததே. அக்குறியைக் கணினி விரிதாளில் விலையாக மாற்றும் முறையை இங்குக் காண்போம்.

கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சிலர் கூடி ஒரு கடை நடத்துவதாகக் கொள்வோம். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என்னும் பத்தெழுத்து வரிசையை அவர்கள் வகுத்துக்கொள்கின்றனர். இவை பழந்தமிழ் எண்கள் அல்ல. முதல் ஒன்பதும் முறையே 1 முதல் 9 வரை. ம என்பது 0. 'கஙணம' எனில் 1260 காசு. அதாவது 12 வெள்ளி 60 காசு.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றில் இதற்கென ஒரு சார்பை நாமே இயற்றலாம். அது ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, வரிசையில் அதன் இடத்தைக் காணும். பத்தாம் இடமாயின் 0 எனக் கொள்ளும். இலக்கங்களைச் சேர்த்து 100ஆல் வகுத்து வெள்ளியாக்கும்.

ஆயினும், வரிசையில் இல்லாத எழுத்தைச் சார்பு தாண்டிச் செல்லலாகாது. 'கஙணம' என்பதை ஒருவர் 'கஙனம' எனப் பதிந்துவிட்டால், ன விடுபட்டு, விலை 1 வெள்ளி 20 காசாகும். அதனை நம்பி 2 வெள்ளிக்கு விற்பின், பொருள் ஒன்றுக்கு 10 வெள்ளி 60 காசு நட்டம். எனவே, அறியாத எழுத்து வரின் 'பிழை' என்றே காட்டுமாறு சார்பை அமைத்தல் வேண்டும்.

வரிசையைப் பொறுப்பாளர் இருவரேனும் அறிந்திருத்தல் நன்று. ஒருவர் விலகினும் கணக்கு நிலைக்கும். ரப்பர் தோட்டங்களில் கூட்டாகக் கடை நடத்துவோர்க்கும் இம்முறை பயன்படும்.