குழந்தையின் நிறை ஏன் குறைந்தது? பரம்பரை அலகு சொல்லும் சாட்சி



பிறந்த குழந்தையின் நிறை 2.5 கிலோவுக்குக் குறைவு என்று அட்டையில் எழுதப்பட்டால், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து லயங்களில் பேச்சு முழுவதும் தாயின் மீதுதான் விழும். "ஒழுங்காகச் சாப்பிடவில்லை", "மாசமாக இருந்தும் மலையேறிக் கொழுந்து பறித்தாள்", "அவளுடைய தாயும் சிறிய உடம்புதானே" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தோட்டப்புறங்களில் நிறை குறைந்த குழந்தைகள் பிறப்பது நாட்டின் ஏனைய பகுதிகளை விட அதிகம். ஆகவே, உண்மையான காரணத்தை எப்படி அறிவது என்பது நமக்கு வெறும் பாடக் கேள்வி அல்ல.

சேர்ந்திருப்பது காரணமாகுமா?

இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்றொரு பொருள் உண்டு. விற்றமின் பி12, போலிக்கமிலம் ஆகியவை குறைந்தால் அது கூடும். ஹோமோசிஸ்டீன் கூடிய தாய்மாரின் குழந்தைகள் நிறை குறைந்து பிறப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால் வறுமை உள்ள வீட்டில் உணவுக் குறைவு, வேலைப்பளு, அடுப்புப் புகை எல்லாம் ஒன்றாகவே குடியிருக்கும். நிறையைக் குறைத்தது ஹோமோசிஸ்டீனா, கூட வந்த வேறொன்றா?

இயற்கை போடும் குலுக்கல்

1866இல் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து எழுதியது நினைவிருக்கும். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் உள்ள இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் பிள்ளைக்கு வரும். எது வரும் என்பது குலுக்கல் போன்றது. வீட்டு வருமானமோ, பிற்காலத் தொழிலோ அந்தக் குலுக்கலை மாற்றாது. எனவே ஹோமோசிஸ்டீனைக் கூட்டும் பரம்பரை அலகைப் பெற்ற தாய்மாரையும் பெறாத தாய்மாரையும் ஒப்பிட்டால், வறுமையின் கலப்பைப் பெருமளவு ஒதுக்கிவிடலாம். இம்முறைக்கு மெண்டலிய எழுமாற்றாக்கம் என்று பெயர்.

பூனேயும் மைசூரும்

மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், ஹைதராபாத் விஞ்ஞானி கிரிராஜ் சந்தக் ஆகியோரின் குழுவினர் இதையே செய்தனர். பூனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1993 முதல் பின்தொடரப்பட்ட தாய்மாரையும், மைசூர்த் தாய்மாரையும் ஆராய்ந்தனர். பூனேத் தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. போலிக்கமிலத்தைப் பயன்படுத்த உதவும் எம்.டி.எச்.எப்.ஆர். என்ற பரம்பரை அலகில் ஒரு மாற்றம் இருந்தால் ஹோமோசிஸ்டீன் கூடும். அந்த மாற்றமுள்ள தாய்மாரின் குழந்தைகள் சற்று நிறை குறைந்தே பிறந்தனர். ஹோமோசிஸ்டீனே ஒரு காரணமாகலாம் என்பதற்கு 2014இல் வெளியான இந்த ஆய்வு வலுவான சான்று.

எங்கே கவனம் வேண்டும்?

அந்தப் பரம்பரை அலகு வேறு வழியிலும் நிறையைப் பாதித்தால் முடிவு பிழைக்கும். இது பலரின் சராசரியைச் சொல்வதே தவிர, ஒரு தனிக் குழந்தையின் நிறைக்குத் தீர்ப்பு அல்ல. ஹோமோசிஸ்டீன் பல காரணங்களில் ஒன்றுதான். ஓய்வும் வயிறு நிறைந்த உணவும் அவசியமில்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் பூனேக் குழுவினர் 2012இல் அடுத்த படிக்குச் சென்றனர். முன்பு பிறந்த அதே பிள்ளைகள் வளர்ந்து பருவ வயதை அடைந்தபோது, சிலருக்கு பி12 கொடுத்து, அவர்கள் குழந்தை பெறும்வரை பின்தொடரும் சோதனையைத் தொடங்கினர்.

நமக்குள்ள பாடம்

பரம்பரை அலகை மாற்ற முடியாது. ஆனால் அது சுட்டிக்காட்டும் குறையைத் தீர்க்கலாம். பி12 செடிகொடிகளில் இல்லை. மீன், நெத்தலிக் கருவாடு, முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. கிளினிக்கில் தரும் போலிக்கமில மாத்திரையை விடக் கூடாது. ஆனால் அது பி12க்கு ஈடாகாது. சந்தேகமிருந்தால் குடும்பநல மாதுவிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள்.

பெற்றோரே, வீட்டில் ஒரு முட்டைதான் இருக்கிறது என்றால், அது எப்போதும் மகனின் தட்டுக்கே போகிறதா என்று பாருங்கள். நாளைய குழந்தையின் நிறை இன்றைய மகளின் தட்டிலிருந்தே தொடங்குகிறது. மாணவிகளே, அடுத்த முறை ஒரு தாயை யாராவது குறை சொன்னால், "அதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அறிவியலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.