இரவு இரண்டு மணிப் பசி

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் புலம்பினாள். கல்யாண வீட்டில் யாரோ "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே" என்றார்களாமே. நம் சனங்களுக்கு அது நலம் விசாரிப்பு. அதற்காக நீ பட்டினி கிடக்காதே.

கேலி செய்தால் ரோஷம் வந்து இளைத்துவிடுவார்கள் என்பது ஊர்க் கணக்கு. அமெரிக்காவில் ஆறாயிரம் பேருக்கு மேல் 2006 முதல் 2010 வரை கவனித்துப் பார்த்ததில் கணக்கு தலைகீழாக வந்தது. தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களிலேயே, எடையைச் சொல்லி மட்டமாக நடத்தப்பட்டவர்கள் பிறகு பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நர்ஸாக இருந்த காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன்: கூச்சப்பட்டவள் வாக்கிங் போகமாட்டாள், நாலு பேர் முன்னால் கொறித்துவிட்டுத் தனியாக வயிறு முட்டச் சாப்பிடுவாள், டாக்டரிடமும் வரமாட்டாள்.

உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் நைட் ஷிப்ட் மேல்தான். 2004-ல் சிகாகோவில் திடகாத்திரமான இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கவிட்டார்கள். பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஏறிவிட்டது, 'போதும்' என்கிற ஹார்மோன் இறங்கிவிட்டது. நாக்கு இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் கேட்டது. இரண்டே இரவில் இப்படியென்றால், பகலில் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே வருஷக்கணக்காகத் தூங்குகிற உனக்கு? இரண்டு மணிக்கு டீமே பிரியாணி ஆர்டர் போடும்போது வேண்டாம் என்றால் ஒட்டாதவள் என்ற பெயர் வேறு. அந்த இருபது நிமிஷம்தான் நீ மனசுவிட்டுச் சிரிக்கிற நேரம், அதை விடாதே. வீட்டுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்கே முடித்துவிட்டு, அவர்களோடு ஒரு சுண்டல் டப்பாவோடு உட்கார். ஜன்னலுக்குக் கனமான திரை போடு. ஷிப்ட் மாற்றிக் கேள், கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்று. 1985 வாக்கில் சான் டியாகோவில் பெலிட்டி என்ற டாக்டர் எடைக் குறைப்பு சிகிச்சை நடத்தினார். நன்றாக இளைத்துக்கொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். விசாரித்தால், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். பருத்த உடம்பு அவர்களில் சிலருக்குப் பாதுகாப்பாகத் தோன்றியிருக்கிறது. உனக்கும் அப்படி என்று சொல்ல வரவில்லை. மனசு பாரமான நாளில் ஐஸ்கிரீம் டப்பாவைத் தேடுகிறாய் என்றால், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார். சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் ஒரு கவுன்சிலரைப் பார். எனக்குப் போன் செய்தாலும் சரி.

தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துகொள். எடை மெஷினில் தினமும் ஏறாதே.

பொங்கலுக்கு நீ வரும்போது வாசலிலேயே எடைப் பேச்சை எடுக்கக் கூடாது, நாலாவது தோசையைத் தட்டில் தள்ளவும் கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலாவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
பெரியம்மா