சமூக ஊடகத்தில் நம் படம்: பதிப்புரிமைப் புகார் கொடுத்து நீக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொன்னமராவதி மண்டபத்தில் காலையில் எடுத்த கல்யாணப் படம், மதியச் சாப்பாட்டுக்குள் சிங்கப்பூரில் இருக்கும் மாமாவின் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. அதே வேகத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் போகலாம். பரவும் வேகம் நம் ஊருக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு குரல் பதிவால் இங்கே 144 தடை உத்தரவே போட்டார்கள். நம் படத்தை எடுத்துப் போட்டவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சட்டத்தில் வழி இருக்கிறது, சேர்ந்தே போவோம்.

படம் யாருக்குச் சொந்தம்?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. பொதுவாக எடுத்தவருக்கே உரிமை.

நாமே எடுத்த செல்ஃபி என்றால் கவலையில்லை, அது நம்முடையது. ஸ்டுடியோக்காரருக்குப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17ஆம் பிரிவின்படி எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தம். அப்பா ஏற்பாடு செய்து பணம் கொடுத்திருந்தால் புகாரும் அப்பா பெயரில் போவதே சரி.

தோழி தன் கைப்பேசியில் நம்மை எடுத்த படமா? உரிமை தோழிக்கு. அவரையே புகார் கொடுக்கச் சொல்லலாம். அல்லது, 'இந்தப் படத்தின் பதிப்புரிமையை இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். வாய்வார்த்தை போதாது.

உரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டுமா? வேண்டாம். படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

முதலில் ஆதாரம்

புகாருக்கு முன்னால் ஆதாரம். கோபத்தில் முதலில் படத்தைப் போட்டவருக்கு மெசேஜ் அனுப்பினால், அவர் கணக்கின் பெயரை மாற்றிவிடுவார், நம் கையில் ஒன்றும் இருக்காது.

பதிவின் இணைப்பை நகலெடுத்து வைப்போம். கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுப்போம். மூலப் படத்தை அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக வந்த நகலில் எடுத்த நேரம், கருவி போன்ற விவரங்கள் கழன்றிருக்கும். அதனால் எடுத்த கைப்பேசியில் இருக்கும் கோப்பே வலுவானது. ஸ்டுடியோ படமென்றால் பில் அல்லது ஜிபே ரசீது.

புகார் கொடுப்பது எப்படி?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் உண்டு. உதவிப் பக்கத்தில் 'காப்பிரைட்' என்று தேடினால் வரும். இவை 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி நடப்பவை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால் நம் படத்துக்கும் அங்கே பாதுகாப்பு உண்டு.

படிவத்தில் நம் பெயர், மின்னஞ்சல், நீக்க வேண்டிய பதிவின் இணைப்பு, நம் மூலப் படம் எது என்ற விவரம், உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்தாக முழுப் பெயர் ஆகியவை கேட்பார்கள். பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுத்தால் போதாது. பத்துப் பதிவில் படம் இருந்தால் பத்து இணைப்பையும் கொடுப்போம்.

எதிராளி 'இது என் படம்' என்று மறுப்புக் கொடுக்கலாம். அப்போது 10 முதல் 14 வேலை நாளுக்குள் நாம் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால் படம் திரும்ப வரக்கூடும். பிறர் படத்தைத் திருடியவர் அவ்வளவு தூரம் வருவது அரிது.

எவ்வளவு செலவு?

தளத்தில் புகார் கொடுக்கக் காசு இல்லை. தளத்தின் குறைதீர் அதிகாரி கைவிரித்தால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம், அதுவும் இலவசம். உரிமையைப் பதிவு செய்துகொள்ள விரும்பினால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். வக்கீல் நோட்டீஸ் கடைசிப் படி. அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

எச்சரிக்கை

நம் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகும். மிரட்டுபவர் என்றால் இதற்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குவது நல்லது. நமக்குச் சொந்தமில்லாத படத்தைச் சொந்தம் என்று எழுதவே கூடாது, அது பொய் உறுதிமொழி. 'பணம் கொடுங்கள், நீக்கித் தருகிறோம்' என்று வருபவர்களை நம்ப வேண்டாம். கடவுச்சொல்லோ ஓடிபியோ யாருக்கும் தரக் கூடாது.

அந்தரங்கப் படமென்றால்

இங்கே பதிப்புரிமையை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். படத்தை எடுத்தவரே மிரட்டுபவராக இருந்தால் அந்தச் சட்டம் உதவாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், யார் எடுத்தது என்று பார்க்காமல், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் இத்தகைய படத்தை நீக்கத் தளங்களுக்குக் கெடு வைத்தன. மார்ஃபிங் செய்த படத்துக்கும் அது பொருந்தும்.

2025 ஜூலையில், பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்தில் நீக்க வைக்கும்படி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். சட்டம் தெரிந்தவரே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆனாலும் நாம் தனியாக நிற்க வேண்டியதில்லை. தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்களும் குழந்தைகளும் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

படம் பரவாமல் தடுக்க 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசத் தளமும் இருக்கிறது. அங்கே படத்தை ஏற்ற வேண்டாம். அதன் எண் அடையாளம் நம் கைப்பேசியிலேயே உருவாகி, அது மட்டும் போகும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்'.

பதிவு நீங்கிய பிறகும் கூகுள் தேடலில் சில நாள் படம் நிற்கலாம். கூகுளின் காலாவதிப் பக்க நீக்கப் படிவத்தில் அந்த இணைப்பையும் கொடுத்துவிடுவோம்.