புவியீர்ப்பு செய்யும் வேலை எவ்வளவு?

நம் பிள்ளைகள் இங்கே இயற்பியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். அதையே வீட்டில் தமிழில் பேசிப் பார்த்தால் கருத்து நன்றாகப் பதியும் என்பது என் அனுபவம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நான் தவறாமல் கொடுக்கும் கணக்கு இது:

1000 கிலோ நிறையுள்ள செயற்கைக்கோள் ஒன்று 36,000 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் பூமியை ஒருமுறை சுற்றுகிறது. புவியீர்ப்பு விசை செய்யும் வேலை எவ்வளவு?

விசை சுமார் 224 நியூட்டன். பாதையின் நீளம் சுமார் 2,65,000 கி.மீ. பலர் இரண்டையும் பெருக்கிவிடுவார்கள். சரியான விடை பூஜ்யம்!

வேலை என்பது விசையையும், அந்த விசையின் திசையில் நடந்த நகர்வையும் பெருக்கி வருவது. ரயில் நிலையத்தில் போர்ட்டர் பெட்டியைத் தலைக்குத் தூக்கும்போது விசையும் மேல்நோக்கி, நகர்வும் மேல்நோக்கி, வேலை நடக்கிறது. அதைச் சுமந்து பிளாட்பாரத்தில் சீராக நடக்கும்போது தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வோ முன்னோக்கி. பெட்டியின்மீது அந்த விசை செய்யும் வேலை பூஜ்யம். (இதைச் சொல்லிக் கூலியைக் குறைக்க முடியாது, அவர் தசைகள் செலவிடும் சக்தி வேறு கணக்கு.)

செயற்கைக்கோளும் அப்படியே. ஈர்ப்பு பூமியின் மையத்தை நோக்கி இழுக்கிறது. கோளோ அதற்குச் செங்குத்தாகச் செல்கிறது. திசை மாறுகிறது, வேகம் மாறுவதில்லை. "புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால்தான் பூஜ்யம்" என்று சிலர் சொல்வார்கள். அது காரணமன்று, அரைச் சுற்றுக்கும் விடை பூஜ்யமே.

நீள்வட்டப் பாதையில் கதை வேறு. 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3 முதலில் 170 கி.மீ. முதல் 36,500 கி.மீ. வரை உயரம் மாறும் பாதையில் சுற்றியது. கணக்கிட்டால், பூமிக்கு அருகே அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 10.3 கி.மீ.; தொலைவில் வெறும் 1.6 கி.மீ. விலகிச் செல்லும்போது ஈர்ப்பு பின்னுக்கு இழுப்பதால் வேலை எதிர்க்குறி. திரும்பி வரும்போது நேர்க்குறி. போகும்போது வாங்கிக்கொண்டதை வரும்போது அப்படியே திருப்பித் தருகிறது; வட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. முழுச் சுற்றுக்கு மொத்தம் பூஜ்யம்.

ஆகவே, பூமியை எத்தனை முறை சுற்றினாலும் அதன் ஈர்ப்பால் சந்திரயானுக்கு நிகர லாபம் கிடையாது. அதனால்தான் எஞ்சினை ஐந்து முறை இயக்கிப் பாதையை உயர்த்தி, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கிச் செலுத்தினார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: மேற்கண்ட நீள்வட்டத்தில் அருகிலிருந்து தொலைவுக்குச் செல்கையில் 1 கிலோ நிறையின்மீது ஈர்ப்பு செய்யும் வேலை என்ன? இயக்க ஆற்றலின் மாற்றத்தைக் கண்டால் போதும். விடை: ஏறத்தாழ −5.2 கோடி ஜூல்.